இந்தோ-ஆரியம் ஈழத்தில் வேர்விட்டது. தமிழகத்தில் ஏன் விடவில்லை?

ஜவ்வாது மலையின் வடசரிவில், வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது அமிர்தி. அருவிக்கும் சிறு உயிரியல் பூங்காவுக்கும் பேர்போன இந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் உருது கேட்கும். ஆரணியிலும் வாலாஜாபேட்டையிலும் நெசவாளர் குடும்பங்கள் பல சௌராஷ்டிரம் பேசுகின்றன. சந்தைகளில் நரிக்குறவர் தங்களுக்குள் பேசிக்கொள்வது வாக்ரி. மூன்றும் இந்தோ-ஆரிய மொழிகள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்தவை. மூன்றில் எதுவும் அக்கம்பக்கத்துத் தமிழைக் கரைத்துவிடவில்லை. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழே.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை தலைகீழ். இலங்கையின் 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிங்களர். அவர்களுடைய மொழி ஓர் இந்தோ-ஆரிய மொழி. இன்னும் தென்மேற்கே மாலத்தீவில் பேசப்படும் திவேகி, சிங்களத்தின் உடன்பிறப்பு. வட இந்தியாவில் தோன்றி வளர்ந்த ஒரு மொழிக்கிளை தமிழ்நிலத்தைத் தாண்டிப் போய்த் தீவுகளில் பெரும்பான்மை மொழியாகியிருக்கிறது. அது அங்கே போனது எப்படி என்ற கேள்விக்குப் பதினைந்து நூற்றாண்டுகளாக விடைகள் சொல்லப்படுகின்றன. இடையிலிருந்த தமிழகத்தில் அது ஏன் நிலைகொள்ளவில்லை என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பழைய விடைகளின் பலமும் பலவீனமும் தெரியவரும்.

விஜயன் கதையும் ஜவ்வாது மலைக் கதையும்

பழைய விடை பாலி நூல்களில் உள்ளது. கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய தீபவம்சமும், அதற்கு ஒரு நூற்றாண்டோ சற்றுக் கூடுதலாகவோ பிந்திய மகாவம்சமும் விஜயனின் கதையைச் சொல்கின்றன. லாள நாட்டுச் சிங்கபுரத்து இளவரசன் விஜயன் அடாத செயல்களுக்காக நாடுகடத்தப்படுகிறான். எழுநூறு தோழர்களுடன் கப்பலேறுகிறான். வழியில் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் தங்குகிறான். தீபவம்சத்தில் பருகச்சமும், மகாவம்சத்தில் சுப்பாரகமும் வருகின்றன. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளிலேயே தம்பபண்ணியில் கரையேறுகிறான். இயக்கர் குலப்பெண் குவேனியை மணந்து, பிறகு அவளைத் தள்ளிவிட்டு, மதுரையிலிருந்து பாண்டியன் மகளையும் தோழர்களுக்குப் பெண்களையும் தருவிக்கிறான்.

இந்தக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வோர் இன்று ஆய்வுலகில் குறைவு. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இருக்கிறது. கரையேறிய நாள் புத்தரின் மறைவோடு பொருந்துவது பக்தர்களின் கணக்கு. சிங்கத்துக்குப் பிறந்த குலம் என்ற செய்தியைப் பற்றி விளக்கம் தேவையில்லை. 1979இல் ஆர். ஏ. எல். எச். குணவர்தன எழுதிய கட்டுரை, சிங்களர் என்ற அடையாளம் முதலில் அரச குலத்தையும் அதைச் சார்ந்தோரையும் மட்டுமே குறித்திருக்கலாம் என்றும், பிற்பாடே மொழி பேசும் மக்கள் அனைவருக்கும் விரிந்தது என்றும் வாதிட்டது. விஜயன் கதை அந்த விரிவாக்கத்துக்கு உதவிய கதை என்பது அவர் பார்வை. இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் கதையின் நோக்கத்தைக் கேட்காமல் அதன் தகவல்களை எடுத்தாள முடியாது என்ற நிலையை அது உருவாக்கிவிட்டது.

இத்தகைய கதைகளின் இயல்பை அறிய ஜவ்வாது மலையிலேயே ஒரு சான்று உண்டு. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இடம்பெற்ற மலையாளிகளின் பூர்விகக் கதை அது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் ஏழு பெண்களைக் கவர்ந்து போகிறார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களை இறந்தவர்களாகக் கொள்ளுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெருக்கெடுத்த பாலாற்றில் நாய்கள் மட்டும் திரும்பிவிட, வீட்டில் ஈமக்கடன் முடிந்துவிடுகிறது. வென்று வந்தவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறுகிறார்கள்.

ஆண்கள் மட்டும் வருவது, திரும்பிப் போக வழியில்லாமல் போவது, அந்த மண்ணின் பெண்களை மணப்பது: இரண்டு கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். தந்தைவழியில் சமவெளியின் மதிப்பு, தாய்வழியில் மண்ணின் உரிமை என இரண்டையும் சேர்த்துத் தருகிற அமைப்பு இது. இதிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. பிற்காலச் சந்ததி தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பியது என்பதை அறியலாம். ஜவ்வாதில் வந்தவர், இருந்தவர் மொழிகளிடையே பெருந்தூரம் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. ஈழத்தில்தான் மொழிச்சிக்கல்.

மேற்கா, கிழக்கா?

சிங்களம் இந்தோ-ஆரிய மொழிதானா என்பதே 19ஆம் நூற்றாண்டில் விவாதப் பொருள். ராபர்ட் சீசர் சில்டர்ஸ் 1870களில் எழுதிய குறிப்புகளும், பின்னர் வில்ஹெல்ம் கெய்கரின் ஆய்வுகளும் அதை ஏறக்குறைய முடித்துவைத்தன. அதற்குப் பிறகும் முதலியார் டபிள்யூ. எஃப். குணவர்தன போன்றோர், சொற்கள் ஆரியமாக இருந்தாலும் இலக்கணக் கட்டமைப்பு திராவிடம் என்று வாதிட்டார்கள். அந்த வாதம் முற்றிலும் பொய்யுமல்ல. மூச்சொலி எழுத்துகளைப் பேச்சில் இழந்தது, எகர ஒகரக் குறில்களைப் பெற்றது, வினையைக் கடைசியில் வைத்து அடைகளையெல்லாம் முன்னே அடுக்கும் வாக்கிய அமைப்பு ஆகியவை தமிழ் படித்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கெயர் 1980களில் இதை நிதானமாக ஆராய்ந்தார். சிங்கள ஒலியமைப்பில் திராவிடத் தாக்கம் உண்டு என்றாலும், எல்லா மாற்றத்தையும் அதன் கணக்கில் எழுத முடியாது என்பது அவர் முடிவின் சாரம்.

குடும்பம் தீர்மானமானதும் கேள்வி இந்தியாவின் எந்த மூலை என்பதற்கு நகர்ந்தது. மகாவம்சத்தைப் பெயர்த்த கெய்கர் மேற்கு இந்தியாவைச் சுட்டினார். லாளம் என்பது குஜராத்தின் லாடம், தங்கிய துறைமுகங்கள் மேற்குக் கரையில் உள்ளவை என்பது கதைவழிச் சான்று. 1933இல் முகம்மது ஷஹிதுல்லா இதை மறுத்து வங்கத்தைக் காட்டினார்; லாளம் என்பது ராடம், விஜயனின் பாட்டி வங்க அரசன் மகள் என்பது அவர் பக்க ஆதாரம். ஒலியியலும் இரு பக்கமும் இழுத்தது. இலங்கையின் தொன்மையான குகைக் கல்வெட்டுகளில் எழுவாய் எகரத்தில் முடிவது கிழக்கத்தியப் பிராகிருதத்தின் அடையாளம். வேறு சில ஒலிமாற்றங்கள் மேற்கோடு பொருந்துகின்றன. கல்வெட்டறிஞர் எஸ். பரணவிதான, முதல் அலை மேற்கிலிருந்து, அடுத்தது கிழக்கிலிருந்து என்று இரண்டையும் இணைத்தார்.

இந்த விவாதத்தின் அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து, ஒரே காலத்தில், ஒரே கூட்டம் வந்தது என்ற எண்ணத்தைக் கதையிலிருந்து கடன்வாங்கிக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மொழியியலால் தேடினார்கள். பல துறைமுகங்களிலிருந்து பல தலைமுறைகளாக வந்தவர்களின் பேச்சு தீவில் கலந்து ஒரு பொதுவடிவம் பெற்றிருந்தால் கலப்பு அடையாளங்களே எஞ்சும். எஞ்சியிருப்பதும் அதுவே. பரணவிதானவின் சமரசம் பலருக்கும் பிடித்துப்போனதன் காரணமும் இதுவே என்று நினைக்கத் தோன்றுகிறது.

மண்ணுக்கு அடியில்

அகழாய்வு சொல்லும் செய்தி மொழியியல் சொல்வதோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. சிரான் தெரணியகலவின் அகழாய்வுகள் அனுராதபுரத்தில் இரும்புக்கால வாழ்வைக் கி.மு. 900 வாக்குக்குக் கொண்டுபோயின. அங்கே கிடைப்பது கருப்பு-சிவப்புப் பானையோடு. வடமேற்குக் கரையில் பொம்பரிப்பின் ஈமத்தாழிகள் தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரை நினைவூட்டுகின்றன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைப் பெட்டிக் கல்லறைகள். இவற்றின் உறவு தென்னிந்தியப் பெருங்கற்காலத்தோடுதான். கங்கைச் சமவெளியிலிருந்தோ குஜராத்திலிருந்தோ ஒரு பெருங்கூட்டம் தன் சட்டி பானை, சடங்குகளோடு வந்திறங்கியதற்கான தடயம் எதுவும் தெளிவாக இல்லை.

மொழிக்கான முதல் தடயமும் அனுராதபுரத்திலிருந்தே. ராபின் கனிங்ஹாம் குழு அங்கே கண்டெடுத்த, பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் சற்று முன் என்று காலம் கணித்து, 1996இல் வெளியிட்டது. அசோகருக்கு முந்தைய எழுத்து என்பதால் பெரும் விவாதம் எழுந்தது. தமிழகத்தில் கி.மு. 490ஐ ஒட்டிய பொருந்தல் காலக்கணிப்பு மீதும், கீழடி மீதும் எழுந்த விவாதத்துக்கு இது மூத்தது. மண்ணடுக்கின் காலமும் ஓட்டின் காலமும் ஒன்றுதானா என்று ஐயப்படுவோர் இன்றும் உண்டு. கணிப்பு சரியென்றால், மகிந்தர் பௌத்தம் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு முன்பே வணிகர்களின் கையில் பிராகிருதம் தீவுக்குள் வந்துவிட்டது என்றாகும்.

மரபணு ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆர். எல். கிர்க் 1976இல் விஜயன் கதையையே தலைப்பாக்கி எழுதிய கட்டுரை, சிங்களருக்குத் தமிழரோடும் கேரளரோடும் நெருக்கம் என்றது. 1990களில் வந்த வேறொரு ஆய்வு வங்கத் தொடர்பைத் தூக்கிப்பிடித்தது. 2023இல் வந்த மரபணுத்தொகுதி அளவிலான ஆய்வு சிங்களருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையே வலுவான நெருக்கத்தைக் கண்டது. இன்றைய மனிதர்களின் ரத்தத்தைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுக் கலப்பைப் பின்னோக்கிப் பிரிக்கும் வேலை இது. ஒரு கூட்டத்தின் முன்னோர் யார் என்பதைச் சொன்னாலும், அவர்கள் எந்த மொழியை எப்போது கற்றார்கள் என்பதை அது சொல்லாது.

வந்தவர்கள் எத்தனை பேர், கற்றவர்கள் எத்தனை பேர்?

மேலே கண்ட முரண்பாட்டிலிருந்து பிறந்ததுதான் மொழிமாற்றக் கொள்கை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கா. இந்திரபாலா 2005இல் ஆங்கிலத்திலும், அடுத்த ஆண்டு ‘இலங்கையில் தமிழர்’ என்று தமிழிலும் வெளியிட்ட நூல் இதை விரிவாக வாதிக்கிறது. சிங்களருக்கும் தமிழருக்கும் பொதுவான முன்னோர், தீவில் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்களும் இரும்புக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து கலந்தோருமே. பெருந்திரளான ஆரியக் குடியேற்றம் நிகழவில்லை. வணிகத்தின் பொதுமொழியாக வந்த பிராகிருதம் தலைவர்களின் மொழியாகி, பௌத்தத்தின் துணையோடு பரவி, உள்ளூர்ப் பேச்சுகளை மெல்ல விழுங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் அதே வேலையைச் செய்தது. அவர் சித்திரத்தில் இரு மொழிச் சமூகங்களும் ஒரே காலத்தில் உருவானவை.

இந்தக் கொள்கைக்குச் சாதகமானவை பல. தீவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ‘பருமக’ என்ற தலைவர் பட்டத்தை, பரணவிதான ‘பிரமுக’ என்பதன் திரிபாகக் கொண்டார். இந்திரபாலாவும் சுதர்சன் செனவிரத்னவும் பெருமகன் என்ற தமிழ் வழக்கோடு சேர்க்கிறார்கள். அனுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தாரின் மண்டபத்தைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. 1980இல் ஆனைக்கோட்டைக் கல்லறையில் கிடைத்த முத்திரையில் பெருங்கற்காலக் குறியீடுகள் ஒரு வரியும், பிராமி எழுத்துகள் ஒரு வரியுமாக இருக்கின்றன. அதன் வாசிப்பு இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. மகிந்தர் தீவின் மொழியில் உபதேசித்தார் என்று மகாவம்சம் சொல்லி, அது எந்த மொழி என்று சொல்லாமல் விடுவதும் கவனத்துக்குரியது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. அதைக் காட்டுவது ஈழம் அல்ல, ஆந்திரம்.

பட்டிப்ரோலு, அமராவதி, நாகார்ஜுனகொண்டா. கிருஷ்ணைக் கரையின் இந்தப் பௌத்த மையங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பிராகிருதத்திலேயே கல்வெட்டு வெட்டினார்கள். அங்கே வணிகம் செழித்தது; பௌத்த சங்கம் வலுத்திருந்தது; சாதவாகன, இக்ஷ்வாகு அரசுகளின் ஆட்சிமொழியும் பிராகிருதம். வணிகம், பௌத்தம், அரசு என்று மொழிமாற்றக் கொள்கை கேட்கும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அது. அப்படியிருந்தும் மக்கள் பேச்சு தெலுங்காகவே நீடித்தது, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ரேநாட்டுச் சோழர் கல்வெட்டுகளில் தெலுங்கு மேலே வந்தது. கன்னட நாட்டிலும் பிராகிருதக் கல்வெட்டுகளுக்குப் பிறகு 5ஆம் நூற்றாண்டு ஹல்மிடி கன்னடக் கல்வெட்டு வருகிறது. சாதவாகனரே கி.பி. 2ஆம் நூற்றாண்டு வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழியும் பொறித்தார்கள். குடிகளின் பேச்சு எது என்று அரசுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே கல்வெட்டில் பிராகிருதம் இருப்பது ஊரார் பிராகிருதம் பேசியதற்குச் சான்றாகாது. இலங்கையில் அது சான்றாவதற்குக் காரணம், சிகிரியாவின் கண்ணாடிச் சுவர்க் கிறுக்கல்கள் வழியாக இன்றைய சிங்களம்வரை அறுபடாமல் வரும் தொடர்ச்சி. அப்படியானால் ஆந்திரத்தில் நிகழாத எது ஈழத்தில் நிகழ்ந்தது?

இரண்டு விடைகள் சாத்தியம். முதலாவது, தீவில் முன்பிருந்த பேச்சுகள் பலவாகவும் ஒன்றுக்கொன்று புரியாதவையாகவும் இருந்திருக்கலாம். அத்தகைய இடத்தில் வெளியிலிருந்து வந்த பொதுமொழிக்கு இடம் எளிதில் கிடைக்கும். நாகாலாந்தில் பல நாகா மொழியினர் தங்களுக்குள் பேச, அஸ்ஸாமியை ஒட்டி எழுந்த நாகமீஸ் பயன்படுவதும், பஸ்தரில் கோண்டி பேசுவோரிடையே ஹல்பி பரவியதும் இந்தியாவிலேயே உள்ள எடுத்துக்காட்டுகள். ஆனால் நாகமீஸ் இன்றும் பெரும்பாலோர்க்கு இரண்டாம் மொழிதான். பொதுமொழி தாய்மொழியாக மாற அதைத் தொட்டிலிலிருந்தே பேசும் ஒரு கருக்குழு வேண்டும் என்று தோன்றுகிறது. அதுவே இரண்டாவது விடை: எழுநூறோ ஏழாயிரமோ, பிராகிருதம் பேசிய குடும்பங்கள் தீவில் உண்மையாகவே குடியேறியிருக்க வேண்டும். கல்வெட்டுகளில் குளங்களின் உடைமையும் தானமும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தால், வறள்வலயத்தில் புதிதாக எழுந்த குளத்தடிக் கிராமங்களே மொழி பரவிய களம் என்று கருதலாம். புதுக்குடியிருப்பில் குளத்தை நடத்துபவரின் மொழி அடுத்த தலைமுறையின் மொழியாவது இயல்பு. ஆந்திரத்திலோ வயலும் ஊரும் அதற்கு முன்பே தெலுங்கு பேசின.

முதல் விடையின் பலவீனம், அந்தப் பழைய பேச்சுகள் எதுவும் நமக்கு எஞ்சவில்லை என்பது. இலங்கை வேடர்களின் பேச்சைச் செலிக்மன் தம்பதி 1911இல் பதிவு செய்தபோதே அது சிங்களத்தோடு வெகுவாகக் கலந்திருந்தது. இரண்டாம் விடைக்கு, குடியேறியோரின் தனித்த தடயம் மண்ணில் கிடைக்கவில்லை என்பது தடை. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வோரின் எழுத்தில் இருபதாம் நூற்றாண்டு இலங்கை அரசியலின் நிழல் விழுந்திருப்பது பெரும்பாலும் தெரியும்.

தமிழகத்துக் குகைகள்

ஈழத்தில் பிராகிருதம் கல்லில் ஏறிய அதே நூற்றாண்டுகளில் தமிழகத்திலும் அதே சடங்கு நடந்தது. மலைக்குகையைத் துறவிக்கு இருப்பிடமாக்கி, மழைநீர் உள்ளே வராமல் நெற்றியில் காடி வெட்டி, கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது. தீவில் பெறுபவர் பௌத்தர், இங்கே பெரும்பாலும் சமணர். எழுத்தும் பிராமியின் வடிவமே. மொழி மட்டும் வேறு.

இது தெரியவர நாளாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் இக்கல்வெட்டுகளைப் பாலியாகவோ பிராகிருதமாகவோ படிக்க முயன்றார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று காட்டினார். ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பு அதை நிலைநாட்டியது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் காலத்துக் கல்வெட்டுகளில் தம்மம், நிகமம் போன்ற வடசொற்கள் உண்டு. அவற்றைத் தாங்கும் வாக்கியம் தமிழ். திருப்பரங்குன்றத்தில் கொடையளித்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவனும் தமிழிலேயே பதிந்துவிட்டுப் போயிருக்கிறான். மூச்சொலி எழுத்துகளையும் பிற மிகையானவற்றையும் விட்டுவிட்டு, ழ, ள, ற, ன ஆகிய நான்கையும் புதிதாகச் செய்துகொண்டார்கள். தங்கள் மொழியை எழுதியே தீருவது என்ற முடிவுள்ள ஒரு சமூகத்தின் செயல் அது. வெளியிலிருந்து வந்த எழுத்தறிவு, வந்த மொழியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே போனால், திருக்கோவலூர் வட்டாரத்தின் ஜம்பையில் 1981இல் கண்டறிந்த கல்வெட்டு இதை ஒரே வரியில் காட்டுகிறது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி (குகை) என்பது செய்தி. மன்னன் பெயருக்கு முன்னால் ‘சதியபுதோ’ என்ற பட்டம், அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் வரும் அதே பிராகிருத வடிவத்தில். பட்டம் மட்டும் வடக்கின் வழக்கு, மற்றதெல்லாம் தமிழ். கி.பி. முதல் நூற்றாண்டு என்பது மகாதேவன் கணிப்பு. அசோகர் கட்டளை எதுவும் தமிழகத்தில் பொறிக்கப்படவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கர்நாடகம், ஆந்திரம்வரை வந்த மௌரியக் கல்லெழுத்து அங்கேயே நின்றுவிட்டது.

தமிழகத்தில் பிராகிருதம் ஆட்சிமொழியாக வந்த ஒரே இடம் தொண்டை நாடு. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்காலப் பல்லவர், காஞ்சியிலிருந்து விடுத்த மயிடவோலு, ஹிரஹடகள்ளி செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளன. ஆனால் அவை கிடைத்த ஊர்கள் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும். சாதவாகனர் நிர்வாக மரபைப் பல்லவர் தொடர்ந்தார்கள். பிறகு சமஸ்கிருதத்துக்கு மாறினார்கள். இவ்வளவும் செப்பேட்டின் மேல். கல்லின் மேல் என்ன நடந்தது என்பதற்கு ஜவ்வாதின் தென்சரிவில் செங்கத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள், ஆநிரை மீட்டும் கவர்ந்தும் இறந்த வீரர்களைப் பதிவு செய்கின்றன. அங்கே சமஸ்கிருதத்திலும் பிராகிருத வகைகளிலும் ‘மத்தவிலாசம்’ எழுதிய மகேந்திரவர்மன், வட்டெழுத்தில் ‘மயீந்திர பருமன்’ என்று தமிழொலிக்கு இணங்கி நிற்கிறான். அரண்மனையில் எந்த மொழி புழங்கினாலும், மலையடிவாரத்தில் மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டவர்கள் எழுதியது அவர்கள் பேசிய மொழியில்தான்.

இந்த மாறுபாட்டுக்குத் தமிழகத்தில் தரப்படும் வழக்கமான விளக்கம் தமிழின் தனிச்சிறப்பு. தமிழின் எழுத்து மரபும் பாணர் மரபும் வேந்தர் ஆதரவும் வலுவாக இருந்தன என்பது உண்மை. ஆனால் பழைய எழுத்திலக்கியச் சான்று எதுவும் இல்லாத தெலுங்கும் கன்னடமும்கூடத் தாக்குப்பிடித்தனவே. ஊன்றிய வேளாண் சமூகமும் மக்கட்பெருக்கமும் இலக்கியத்தை விடப் பெரிய அரணாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

பிற இடங்கள் தரும் வெளிச்சம்

இந்தோ-ஆரியம் தாயகத்தைத் தாண்டிய மிகப் பழைய பதிவு இலங்கையிலும் அல்ல, சிரியாவின் வடக்கே மித்தானி அரசில். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார்கள். கிக்குலி எழுதிய குதிரைப் பயிற்சி நூலில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய எண்கள் இந்தோ-ஆரிய வடிவில் வருகின்றன. மக்களோ ஹுரியன் பேசினார்கள். அரசர் பெயர்களும் குதிரைக் கலைச்சொற்களும் எஞ்சின, மொழி அழிந்தது. அரசர் குலம் மட்டும் கொண்டுவரும் மொழிக்கு இப்படியும் முடிவு நேரலாம் என்பதை விஜயன் கதையை நம்புவோர் எண்ணிப்பார்க்கலாம்.

மராட்டியம் இதற்கு எதிர்ப்பக்கம். ஊர்ப்பெயர்களை ஆராய்ந்த ஃபிராங்ளின் சவுத்வொர்த், இன்றைய மகாராஷ்டிரத்தில் முன்பு திராவிட மொழிகள் பரவியிருந்ததாகக் கருதினார். அப்படியானால் ஒரே சாதவாகன ஆட்சிக்குள் கோதாவரியின் மேற்பகுதி மொழி மாறியது, கிருஷ்ணையின் கீழ்ப்பகுதி மாறவில்லை. வடக்கோடு நிலவழித் தொடர்பு அறாமல் இருந்தது காரணமாகலாம். தீவுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

சௌராஷ்டிரர் வேறு வகை. இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து தக்காணம் வழியாக வந்த நெசவாளர் சமூகம், சுற்றிலும் தமிழ் சூழ்ந்திருக்கத் தன் மொழியை வீட்டுக்குள் காத்தது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னோர் சுமார் 2.5 லட்சம். தியாகராஜரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவரான வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் (1781–1874) இச்சமூகத்தவர். தொழிலும் மணவுறவும் உள்ளுக்குள்ளேயே இருந்தால் சிறு கூட்டத்தின் மொழியும் பல நூற்றாண்டு நிற்கும். ஆனால் பிறர் அதைக் கற்க மாட்டார்கள். ஈழத்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை.

தீராமல் இருப்பவை

பெருந்திரளாக வந்திறங்கினார்கள் என்ற பழைய விடையை மீட்க முடியாது என்றே தோன்றுகிறது. யாரும் வரவில்லை, மொழி மட்டும் வந்தது என்ற எதிர்விடையும் ஆந்திரத்தின் முன்னால் தடுமாறுகிறது. இடையில் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. அதை இன்றைய சான்றுகளால் சொல்ல முடியாது. பொம்பரிப்பு, இப்பன்கட்டுவை போன்ற ஈமக்காடுகளின் எலும்புகளிலிருந்து போதிய தொல்மரபணு கிடைத்தால் கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் நடுவில் புதிய கலப்பு நேர்ந்ததா என்பது தெரியலாம். வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. அனுராதபுர ஓடுகளின் காலத்தைக் கீழடி, பொருந்தல், கொடுமணல் ஓடுகளோடு ஒரே அளவுகோலில் வைத்து மறுபடியும் கணிப்பது அதைவிடக் கைக்கெட்டும் வேலை. இரு நாட்டு ஆய்வாளரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம்.

மாலத்தீவைப் பற்றிய கேள்வி தனியாகவே நிற்கிறது. திவேகி சிங்களத்திலிருந்து பிரிந்ததா, இரண்டும் ஒரு தாயிடமிருந்து தனித்தனியே வந்தவையா என்பதில் சுகதபால டி சில்வா தொடங்கிப் பலரும் கருத்து வேறுபடுகிறார்கள். கிளாரன்ஸ் மலோனி 1980இல், அதன் அடியில் ஒரு திராவிடப் படிவு உண்டு என்றார். கைக்குக் கிடைக்கும் மொழிச்சான்றோ 12ஆம் நூற்றாண்டு லோமாஃபானு செப்பேடுகளோடு தொடங்குகிறது. இரண்டும் ஒரு தாயின் மக்கள் என்று உறுதியானால், மேற்குக் கரையிலிருந்து கடல்வழி நேராக வந்த கூட்டம் ஒன்று இருந்தது என்ற கெய்கரின் பக்கம் மீண்டும் எடை கூடும். அப்போது தமிழகத்தைத் தாண்டி இந்தோ-ஆரியம் போனது எப்படி என்ற கேள்வியே மாறிவிடும். அது தமிழகத்தின் வழியாகப் போகவே இல்லை என்றாகும்.